“அது வேறு கதை”

கேள்வி: என் வயது 24. சொந்த ஊர் நெடுந்தீவு. யாழ்ப்பாண நகரில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்குப் போய், ஞாயிறு பின்னேரப் படகில் திரும்புவேன். கடல் சரியில்லாத நாட்களில் படகு புங்குடுதீவின் குறிகட்டுவான் துறைக்குப் பிந்தித்தான் வரும். அதற்குள் பஸ் போய்விடும். அப்போது துறையடியில் நின்று மீன் வான், பட்டா என்கிற சின்ன லொறி, மோட்டார் சைக்கிள் என்று வருவதை மறித்து ஏறிப் போகிறேன். இதுவரை யாரும் தவறாக நடந்ததில்லை. போன மாதம்தான் இது அம்மாவுக்குத் தெரியவந்தது. வேலையை விடச் சொல்லி அழுகிறார். வீட்டுச் செலவும், துறையடியில் படங்கு போட்டு மூடிவைத்திருக்கும் அண்ணாவின் மோட்டார் சைக்கிளுக்கான லீசிங்கும் என் சம்பளத்தில்தான் போகின்றன. (எனக்கும் ஓட்டத் தெரியும், அனுமதிப்பத்திரமும் இருக்கிறது. பெண்பிள்ளை ஓட்டினால் ஊர் சிரிக்கும் என்று அண்ணா சாவி தருவதில்லை. அது வேறு கதை.) வேலையை எப்படி விடுவது? அம்மாவின் பழங்காலப் பயத்தை எப்படிப் போக்குவது?
– பெயர் வேண்டாம், நெடுந்தீவு

பதில்: பிள்ளை, அம்மாவின் பயத்தைப் போக்க நான் வழி சொல்லப் போவதில்லை. 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகைக் கடலில் மறித்து, அதில் போனவர்களை வெட்டிக் கொன்றார்கள். உம்முடைய அம்மா அப்போது சிறுமியாக இருந்திருப்பார். 2015இல் புங்குடுதீவில், நீர் நின்று வாகனம் மறிக்கிற அதே தீவில், பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்ட மாணவியைக் கடத்தி, வன்புணர்ந்து கொன்றதை நீரே அறிவீர். அந்த வருடம் நீரும் வெள்ளைச் சீருடையில்தான் போய்வந்திருப்பீர். இதற்கா பழங்காலம் என்று பெயர் வைக்கிறீர்?

வழியில் போகிறவரிடம் ஏறிக்கொள்வது குற்றம் என்று நான் சொல்லவில்லை. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்களில் முன்பின் தெரியாதவர்கள் ஏற்றிப் போய்த்தான் எத்தனையோ பேர் ஆஸ்பத்திரி வாசலைக் கண்டார்கள். அன்று வேறு வழி இருக்கவில்லை. உமக்கு இருக்கிறது. அதை நீரே எழுதியும் இருக்கிறீர், அடைப்புக்குறிக்குள்.

அந்த அடைப்புக்குறியை நான் நாலு தரம் வாசித்தேன். மோட்டார் சைக்கிள் துறையடியில் நிற்கிறது. அதற்கு மாதாமாதம் காசு கட்டுவது நீர். ஓட்டத் தெரிந்தவர் நீர், அனுமதிப்பத்திரம் வைத்திருப்பவரும் நீர். பொழுதுபடும் நேரத்தில், அந்தப் படங்குக்குப் பக்கத்திலேயே பையைத் தூக்கிக்கொண்டு நின்று, ஊர் பேர் தெரியாதவனுக்குக் கை காட்டுகிறவரும் நீர்தான். சாவி மட்டும் கடலுக்கு அந்தப் பக்கம், அண்ணாவின் சட்டைப்பையில். இதை “வேறு கதை” என்று எழுத உமக்கு எப்படி மனம் வந்தது?

ஊர் சிரிக்குமாம். தங்கை மீன் பெட்டிகளுக்கு நடுவே குந்தியிருந்து போவதைப் பார்த்து ஊர் என்ன செய்கிறதாம்? குறிகட்டுவானிலிருந்து நகரத்துக்கு முப்பது கிலோமீட்டர் அளவில். ஆளில்லாமல் இடிந்துகிடக்கும் வீடுகளைத் தாண்டினால் வாணர் பாலம். இரண்டு பக்கமும் கடல். அந்த இடத்தில் வாகனத்தை நிறுத்தி “இறங்கு” என்றால், நிற்க ஒரு மரநிழல் உண்டா? கூப்பிட்டால் கேட்க ஒரு வீடு உண்டா? அதற்குப் பிறகும் வேலணை, மண்கும்பான், அல்லைப்பிட்டி, பண்ணை என்று எவ்வளவு தூரம். அந்தத் தூரம் முழுவதும் உம்மைக் கொண்டுபோகிறவர் நல்லவராக இருந்தாக வேண்டும். இதுவரை இருந்தார்கள். அவர்களுக்கு நன்றி. ஆனால் உம்மைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர்களுடைய கடமை அல்லவே! கூடப்பிறந்தவன் ஒருவன் வீட்டில் இருக்கிறான்.

நான் பழைய ஆள். அண்ணன் என்றால் தங்கைக்குக் காவல் என்று நம்பி வளர்ந்தவள், இன்றும் நம்புகிறவள். காவல் என்பது சாவியைப் பூட்டிவைப்பதல்ல. ஓட்ட விடமாட்டேன் என்றால், ஞாயிற்றுக்கிழமை உம்மோடு படகேறி வந்து, நகரில் இறக்கிவிட்டு, எங்காவது தங்கி, மறுநாள் படகில் திரும்பட்டும். உடம்பு அலுக்கும்தான். தங்கையின் சம்பளத்தில் வண்டி வைத்திருப்பவருக்கு அந்த அலுப்பு கூடாதா?

உம்மையும் ஏசத்தான் வேண்டும். போன மாதம் வரை அம்மாவுக்கு ஏன் தெரியவில்லை? ஒவ்வொரு தடவையும் “வந்து சேர்ந்துவிட்டேன்” என்று மட்டும் சொல்லி, எதில் வந்தீர் என்பதை விழுங்கியிருக்கிறீர். அண்ணாவின் பெயர் கெடக்கூடாது, வீட்டில் சண்டை வரக்கூடாது என்று இரண்டையும் உம் தலையில் சுமந்திருக்கிறீர். இப்போது பாரும், அம்மா உம்மை வேலையை விடச் சொல்கிறார். மகனிடம் சாவியைக் கொடு என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கவும் மாட்டாது. நீர் வேலையை விட்டால் அந்த வீட்டில் அடுப்பு எப்படி எரியும் என்பதையும் அவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

வேலையை விடக்கூடாது. அடுத்த முறை வீட்டுக்குப் போனதும், சனி இரவு சாப்பாட்டு நேரத்தில், அம்மாவை வைத்துக்கொண்டு அண்ணாவிடம் கேளும்: சாவியா, நீங்களா? இரண்டும் இல்லை என்றால், அடுத்த மாதத்திலிருந்து லீசிங் காசை அவரே கட்டிக்கொள்ளட்டும். அந்தக் காசில் உம் பெயரில் ஒரு ஸ்கூட்டி எடும். அது வரும்வரை கடல் மோசமான ஞாயிறுகளில் படகேற வேண்டாம். திங்கள் காலைப் படகில் வாரும், அரை நாள் லீவு போனால் போகட்டும்.

கேட்கும்போது அழ வேண்டாம், கத்தவும் வேண்டாம். லீசிங் கட்டிய பற்றுச்சீட்டுகளை எடுத்துவைத்துக்கொண்டு கேளும்.