உங்கள் மனத்தை விட்டு இன்னும் நீங்காத இளையோர் நாவல் எது, ஏன்?

பேட்ரிக் நெஸ் எழுதி 2011இல் வெளிவந்த 'எ மான்ஸ்டர் கால்ஸ்' என்ற ஆங்கில நாவலைத்தான் சொல்வேன். முடிவைத் தொடாமல் அது என்னை ஏன் பாதித்தது என்று விளக்க இயலாது. ஆகவே இனிமேல் படிக்கவிருப்பவர்கள் இந்தப் பதிலைப் பிறகு வாசித்துக்கொள்ளலாம்.

கானர் இங்கிலாந்தில் தன் தாயுடன் வாழும் 13 வயதுச் சிறுவன். தாய்க்குப் புற்றுநோய், தந்தை அமெரிக்காவில் வேறொரு குடும்பத்துடன் இருக்கிறார். வீட்டுக்குப் பின்னாலுள்ள குன்றின் கல்லறைத் தோட்டத்தில் நிற்கும், யூ என்னும் ஊசியிலை வகையைச் சேர்ந்த பழைய மரம் இரவு 12.07 மணிக்குப் பேருருவாக நடந்து வருகிறது. தான் மூன்று கதைகள் சொல்லப்போவதாகவும், நான்காவதாக அவன் தன் உண்மையைச் சொல்ல வேண்டும் என்றும் அது கூறுகிறது. அந்த மரமே வருவதற்குக் காரணம் உண்டு. தாய்க்குக் கடைசியாகத் தரப்படும் மருந்து யூ மரத்திலிருந்து எடுக்கப்படுவது. பாக்லிடாக்சல் என்னும் புற்றுநோய் மருந்தும் முதன்முதலில் பசிபிக் யூ மரத்தின் பட்டையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டதுதான். ஆகவே தாயைக் குணப்படுத்தவே மரம் வந்திருக்கிறது என்று கானர் நம்புகிறான். படிக்கும் நமக்கும் அப்படி நம்பவே ஆசையாக இருக்கிறது.

மரம் சொல்லும் கதைகளைவிட, இரண்டாம் கதையின் முடிவில் நடப்பதுதான் என்னை உலுக்கியது. மரத்துடன் சேர்ந்து கதையில் வரும் பாதிரியாரின் வீட்டை இடிப்பதாக எண்ணிய கானர், பாட்டி பொத்திப் பொத்திக் காத்துவந்த வரவேற்பறையைத் தன் கைகளாலேயே நொறுக்கியிருப்பதைக் காண்கிறான். வந்து பார்க்கும் பாட்டி அவனை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. அரற்றியபடி, விழாமல் எஞ்சி நின்ற ஒரே அலமாரியையும் தாமே இழுத்துக் கவிழ்க்கிறார். தனக்குத் தண்டனை இல்லையா என்று மறுநாள் கேட்கும் கானரிடம், அதனால் என்ன பயன் என்கிறார் தந்தை. பின்னர் பள்ளியிலும் அவனுக்கு அதே பதில்தான் கிடைக்கிறது. யாராவது தன்னைத் தண்டிக்கமாட்டார்களா என்று அவன் ஏன் அப்படி ஏங்கினான் என்பது நான்காவது கதையில்தான் தெரிகிறது. அவனைத் துரத்தும் கொடுங்கனவில், பள்ளத்தில் விழும் தாயின் கையை இன்னும் சற்று நேரம் பிடித்திருக்க முடிந்தும் அவன் விட்டுவிடுகிறான். தாய் பிழைக்கமாட்டார் என்பதை நெடுநாளாகவே அறிந்திருந்தவன், காத்திருக்கும் வேதனை தாங்காமல், எல்லாம் முடிந்துவிட்டால் போதும் என்று நினைத்திருக்கிறான்.

சிறுநீரகங்கள் செயலிழந்து நெடுங்காலம் படுக்கையில் இருந்த என் தந்தை மறைந்து சில ஆண்டுகளுக்குப் பிறகு இதைப் படித்தேன். "இழுத்துக்கொண்டு கிடக்காமல் போய்ச் சேர்ந்தால் தேவலை" என்று உறவினர்கள் எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து வாய்விட்டே சொன்னார்கள். அதை யாரும் குற்றமாகக் கொள்ளவில்லை. அதே எண்ணம் கட்டிலருகே இருந்த எனக்கு வந்தபோது அம்மாவிடம்கூட அதைச் சொல்ல முடியவில்லை. தாய் பிழைக்க வேண்டும், இது முடிய வேண்டும் என்ற இரண்டும் ஒரே மனத்தில் உண்மையாக இருக்கக் கூடும் என்றும், நினைத்ததைவிடச் செய்ததே பெரிது என்றும் மரம் அவனுக்குச் சொல்லும் பக்கங்களில், புத்தகத்தை மூடிவைத்துவிட்டு நெடுநேரம் அழுதேன்.

இந்தக் கதையின் கரு ஷிவான் டௌட் என்ற எழுத்தாளருடையது. அவர் இதை எழுதி முடிக்குமுன் 2007இல் மார்பகப் புற்றுநோயால் 47 வயதில் காலமானார்; அவர் விட்டுச்சென்ற குறிப்புகளை வைத்துத்தான் நெஸ் நாவலை எழுதினார். நோயாளியைப் புனிதராக்காமல், பொய்யான ஆறுதலும் சொல்லாமல் நாவல் நடப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

ஓவியங்கள் இல்லாத பதிப்பும் உண்டு. ஜிம் கேயின் கறுப்பு வெள்ளை ஓவியங்கள் உள்ளதையே வாங்குங்கள். வீட்டில் நோயாளி இருக்கும் பிள்ளைக்குத் தருவதானால், பெரியவர் ஒருவர் முதலில் படித்துவிட்டு, அந்தப் பிள்ளை பேச முன்வரும்போது குறுக்கிடாமல் கேட்கத் தயாராக இருக்க வேண்டும்.