நிலம் கைமாறினால் யாருக்கு லாபம்? கேள்வி பதில்

வளரும் நாடுகளில் வயல் ஆலையாகிறது, தோட்டம் வீட்டுமனையாகிறது. அதில் மக்கள் பிழைப்பு என்ன ஆகிறது என்று வாசகர்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

சிங்கப்பூர் துவாஸில் வேலை செய்யும் தம்பி: அக்கா, புதுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊரில் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுத்தார்கள். பெரியப்பா மாடி வீடு கட்டிவிட்டார். எதிர்வீட்டுக்காரர் பிழைப்புத் தேடித் திருப்பூர் போய்விட்டார். ஊர் முன்னேறியிருக்கிறதா, இல்லையா?

பெரியப்பாவிடம் பட்டா இருந்திருக்கும், தம்பி. எதிர்வீட்டுக்காரர் குத்தகைக்கு உழுதவராக இருக்கலாம். ஒரு ஏக்கர் நஞ்சைக்கு உரிமையாளர் ஒருவர்தான். ஆனால் அதை நம்பி இருந்தவர்கள் பலர்: குத்தகைக்காரர், நடவுக்கும் களையெடுப்புக்கும் வந்த பெண்கள், அறுவடை முடிந்ததும் ஆட்டுக்கிடை போட்டவர். நிலத்தின் விலை பட்டாக்காரர் கைக்குப் போகிறது. ஊரின் சராசரி வருமானத்தைக் கணக்கிட்டால் ஏறித்தான் இருக்கும். அதை வைத்து முன்னேற்றம் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

சட்டம் இவர்களை மறக்கவில்லை. 2013 நிலமெடுப்புச் சட்டப்படி, மூன்று ஆண்டுகளாக அந்த நிலத்தை நம்பிப் பிழைத்த கூலியாளும் குத்தகைக்காரரும் பாதிக்கப்பட்ட குடும்பங்கள்தான். யார் யார் பாதிக்கப்படுவார்கள் என்று பார்க்கும் சமூகத் தாக்க ஆய்வும் நடக்க வேண்டும். தனியார் திட்டமென்றால் நிலம் இழக்கும் குடும்பங்களில் 80 விழுக்காட்டினர் சம்மதிக்க வேண்டும். ஆனால் தமிழ்நாடு தன் தொழில், நெடுஞ்சாலைச் சட்டங்களின் கீழ் எடுக்கும் நிலத்துக்கு அந்த ஆய்வும் சம்மதமும் தேவையில்லை என்று விலக்கு வைத்துக்கொண்டது. 2021இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. இழப்பீட்டுத் தொகை அப்படியே கிடைக்கும், சரி. ஆனால் ஆய்வே நடக்காவிட்டால் கிடை போட்டவரின் பெயரை யார் எழுதிக்கொள்வார்?

தொடக்கக்கல்லூரி மாணவி: சிங்கப்பூரும் 1966 சட்டத்தால் நிறைய நிலத்தை எடுத்ததே, ஆன்ட்டி. இங்கே மட்டும் எப்படி வேறுமாதிரி ஆனது?

நல்ல கேள்வி, அம்மா. இங்கே இழப்பீடு குறைவாகத்தான் இருந்தது. 1973க்குப் பிறகு பல ஆண்டுகள் பழைய விலைதான் உச்சவரம்பு. முழுச் சந்தை விலை 2007இல்தான் வந்தது. நிலக்காரர்கள் இழந்தார்கள், அதை மறைக்க வேண்டாம். ஆனால் நிலத்தின் விலையேற்றம் அரசிடம் நின்றது. அது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடாகவும் தொழிற்பேட்டையாகவும் திரும்பி வந்தது. கம்பத்தில், அதாவது பழைய கிராமக் குடியிருப்பில், நிலமே இல்லாமல் குடியிருந்தவருக்கும் வீடு கிடைத்தது, பக்கத்திலேயே ஆலை வேலையும் இருந்தது. வயதான விவசாயிகளுக்கு மட்டும் அது எளிதாக இல்லை. 1984இல் பன்றிப் பண்ணைகளை மூட முடிவானபோது, வேறு தொழில் தெரியாதவர்கள் தவித்தார்கள். நிலத்தை எடுப்பதை மட்டும் இங்கிருந்து கற்றுக்கொண்டு, வீட்டையும் வேலையையும் விட்டுவிடும் நாடுகளைப் பார்த்தால்தான் எனக்குக் கோபம் வருகிறது.

யீசூன் வாசகி: மலேசியாவின் ஜொகூரில் என் சித்தப்பா குடும்பம் மூன்று தலைமுறையாகத் தோட்டத்தில் இருந்தது. தோட்டத்தை விற்றதும் வெறுங்கையோடு வெளியேறினார்கள். ஏன் அக்கா?

லயத்து வீடு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு, வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீடும் போகும். ரப்பருக்குப் பால்வெட்ட விடிகாலையில் ஆள் வேண்டும். தோட்டம் செம்பனைக்கு (எண்ணெய்ப்பனைக்கு) மாறியபின், அதன் குலையைப் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வெட்டினால் போதும், ஆள் தேவை குறைந்தது. அப்புறம் நகரம் நெருங்கி வந்ததும் செம்பனையும் வீடமைப்புக்கு வழிவிட்டது. 1956இல் தொடங்கிய பெல்டா குடியேற்றத் திட்டம் நிலமற்றவர்களுக்கு நிலம் கொடுத்தது. பெரும்பாலும் மலாய்க் கிராமத்தினர் பயனடைந்தார்கள், தோட்டத் தமிழர் வெளியே நின்றார்கள். உங்கள் சித்தப்பா சோம்பேறியாக இருந்ததால் இப்படி ஆகவில்லை என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

உட்லண்ட்ஸ் தம்பி: சம்பளத்தைச் சேர்த்து ஊரில் மனை வாங்கலாமா?

வாங்குங்கள். ஆனால் வயலைக் கூறுபோட்ட மனையென்றால் அங்கீகாரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வில்லங்கச் சான்றோடு நிற்காமல் பழைய வருவாய்ப் பதிவேட்டையும் கேளுங்கள். அது ஏரியாகவோ மேய்ச்சல் புறம்போக்காகவோ இருந்திருந்தால் தொடாதீர்கள். பத்திரத்தில் மனைவி பெயரையும் சேர்த்துவிடுங்கள், நாளைக்கு அந்த நிலத்தையும் எடுத்தால் அவருக்கும் இழப்பீடு கேட்க உரிமை இருக்கும்.