80 என்பது எந்த 80?

அன்புள்ள ஆசிரியருக்கு,

லினக்ஸில் மோட்டாரைக் கட்டுப்படுத்தும் த்ரெட்டை (நிரலுக்குள் தனியாக ஓடும் வேலையை) ஃபிஃபோ என்ற ரியல்டைம் முறையில், முன்னுரிமை 80 என்று வைத்திருக்கிறேன்; பெரிய எண் முந்தும். சில நேரம் 30 மில்லிசெகண்டு தாமதமாகிறது. எப்போது பார்த்தாலும் 80 என்றே காட்டுகிறது. அடுத்து எந்த த்ரெட் ஓடும் என்று முடிவெடுக்கும் ஷெட்யூலர் முன்னுரிமையைச் சரியாகக் கண்காணிக்கவில்லையா? 99 ஆக்கிவிடவா? முறைவைத்து ஓடவிடும் ரவுண்ட் ராபின் உதவுமா? ஒரு மாதமாக இதோடு மல்லுக்கட்டுகிறேன்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஒரு மாதம் ஒரே பிழையோடு இருப்பவரின் அலுப்பு எனக்குப் புரிகிறது. உங்கள் கடிதம் வந்தபோது நானும் இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். த்ரெட்டுக்கு முன்னுரிமை ஒன்றல்ல, இரண்டு. நாம் கொடுத்தது ஒன்று, இந்தக் கணத்தில் அதற்கு இருப்பது இன்னொன்று. சில கருவிகள் முதலாவதை மட்டுமே காட்டுகின்றன. ஷெட்யூலர் இரண்டாவதை வைத்தே முடிவெடுக்கிறது.

99-ஐ மறந்துவிடுங்கள். தாமதம் எங்கே பிறக்கிறது என்று பார்க்காமல் எண்ணை ஏற்றுவது சோம்பேறித்தனம். லாக்குக்காக, அதாவது பொதுத் தரவை ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டுமே தொடவிடும் பூட்டுக்காக, காத்து நிற்கும் த்ரெட்டுக்கு 80-ம் ஒன்றுதான், 99-ம் ஒன்றுதான். அது ஓடும் வரிசையிலேயே இல்லை.

ஷெட்யூலரைச் சந்தேகிப்பதும் வீண். ரியல்டைம் த்ரெட்டுகளுக்கென்று செயலியின் ஒவ்வொரு கோருக்கும் 100 வரிசைகள், எந்த வரிசையில் ஆள் இருக்கிறது என்று குறிக்க ஒரு பிட்மேப். அதில் முதலில் தென்படும் பிட்டின் வரிசையில் முன்னால் நிற்பது ஓடும், அவ்வளவுதான். உள்ளே எண் தலைகீழ் என்பதை மட்டும் மறக்காதீர்கள்: 99-இலிருந்து கழித்தால் உங்கள் 80 அங்கே 19. அதுவே, ஓடுபவற்றைப் பட்டியலிடும் கருவிகளான டாப்பில் -81, பிஎஸ்ஸின் பிஆர்ஐ பத்தியில் 120. கெர்னல் நிகழ்வுகளைப் பதிவுசெய்யும் டிரேஸில் 120 என்றாலோ, அது நைஸ் என்ற இயல்பு மதிப்பு 0-இல் ஓடும், ரியல்டைம் அல்லாத சாதாரண த்ரெட். இந்த இரண்டு 120-ஐயும் ஒன்றாக நினைத்தால் பல நாள் வீணாகும்.

நீங்கள் செய்த தவறு, 80-ஐயே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தது. பார்க்க வேண்டியது லாக்கைக் கையில் வைத்திருக்கும் த்ரெட்டை. பதிவெழுதும் சாதாரண த்ரெட் ஒன்று லாக்கைப் பிடித்திருக்கிறது, உங்கள் 80 அதற்காகத் தூங்குகிறது, நடுவில் 60-இல் ஒரு த்ரெட் அதே கோரில் ஓடுகிறது என்று வையுங்கள். 60 விடும்வரை பதிவெழுதிக்கு இடமில்லை. எனவே 80-க்கும் இல்லை. 1997-இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலம் இப்படித்தான் மீண்டும் மீண்டும் ரீசெட் ஆனது. வானிலைத் தரவைத் திரட்டிய கீழ்நிலை டாஸ்க்கிடம் மியூடெக்ஸ் என்ற லாக் இருந்தது; அந்த மியூடெக்ஸில் முன்னுரிமை மரபேற்றம், அதாவது காத்திருப்பவரின் முன்னுரிமையை லாக்கை வைத்திருப்பவருக்குத் தற்காலிகமாகக் கொடுப்பது, அணைத்து வைக்கப்பட்டிருந்தது. பூமியிலிருந்து அதை இயக்கிய பிறகே சரியானது.

ப்ராக் என்ற லினக்ஸ் கோப்பகத்தில் ஒவ்வொரு த்ரெட்டுக்கும் ஸ்டாட் என்றொரு கோப்பு உண்டு. அதன் 40-வது புலம் கொடுத்த முன்னுரிமை, 18-வது புலம் நடப்பு முன்னுரிமை. உங்கள் த்ரெட்டுக்கு அவை 80, -81. பதிவெழுதிக்குச் சாதாரணமாக 0, 20. மரபேற்றம் வேலை செய்தால், உங்கள் 80 காத்திருக்கும் நேரம் முழுதும் பதிவெழுதியின் 18-வது புலம் -81 ஆகும். 40-வது 0-ஆகவே நிற்கும். முன்னுரிமையைப் பார்க்கவும் மாற்றவும் உதவும் சிஎச்ஆர்டி கட்டளை காட்டுவது கொடுத்த எண்ணை மட்டுமே, அதை நம்பாதீர்கள். புலங்களைக் கடைசி மூடும் அடைப்புக்குறிக்குப் பிறகு எண்ணத் தொடங்குங்கள், அதற்கு அடுத்தது 3-வது. அடைப்புக்குறிக்குள் இருக்கும் த்ரெட்டின் பெயரில் இடைவெளி இருந்தால் முன்னாலிருந்து எண்ணும் கணக்கு பிசகும்.

30 மில்லிசெகண்டைக் கோப்பைத் திரும்பத் திரும்பப் படித்துப் பிடிக்க முடியாது. ஷெட்_ஸ்விட்ச், ஷெட்_பிஐ_செட்ப்ரியோ என்ற இரண்டு டிரேஸ் நிகழ்வுகளையும் இயக்குங்கள். தாமதத்துக்கு முன் உங்கள் த்ரெட் கோரை விட்டபோது அதன் நிலை ஆர் என்றிருந்தால், மேலான ஒன்று அதைத் தள்ளிவிட்டது. எஸ் என்றிருந்தால் எதற்கோ காத்துத் தூங்கப் போனது. பிறகு பதிவெழுதி 120-இலிருந்து 19-க்கு ஏறிய வரி இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் உங்கள் மியூடெக்ஸ் மரபேற்றம் இல்லாதது. பிதிரெட் என்ற த்ரெட் நூலகத்தின் மியூடெக்ஸ் இயல்பாக அப்படித்தான் உருவாகும். உருவாக்கும்போதே அதன் புரோட்டோகாலை ப்ரியோ இன்ஹெரிட் என்று வைக்க வேண்டும். எண்ணிக்கை வைத்து அனுமதிக்கும் செமஃபோரில் இது நடக்காது, அதற்கு உரிமையாளரே இல்லை.

ரவுண்ட் ராபின் உதவாது. ஒரே முன்னுரிமையில் பலர் இருந்தால்தான் அதற்கு வேலை.