மாமியாருடன் சிம்லா செல்லலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மே மாத விடுமுறையில் 11 நாள் ஒதுக்கி, டில்லி, சிம்லா, மணாலி, ரோதங் கணவாய் ஆகிய எல்லாவற்றையும் பார்த்துத் திரும்ப எண்ணியிருக்கிறோம். 68 வயதாகும் என் மாமியாருக்கு முழங்கால் வலியும் இரத்த அழுத்தமும் உண்டு. எட்டு வயது மகனும் வருகிறான். பாலக்காட்டிலிருந்து ரயிலில்தான் செல்ல வேண்டும். எங்கள் திட்டம் சரியா?
– ஒரு வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: மணாலியையும் ரோதங்கையும் இப்போதே நீக்கிவிடுங்கள் என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன். பாலக்காடு வழியாகச் செல்லும் கேரளா எக்ஸ்பிரஸில் மாலையில் ஏறினால் இரண்டு இரவுகள் ரயிலிலேயே கழியும். மூன்றாம் நாள் டில்லியில் இறங்கி, அன்றிரவு அங்கேயே ஓய்வெடுத்து, மறுநாள் காலைச் சதாப்தி விரைவு ரயிலில் மலையடிவார ஊரான கால்கா சென்று, அங்கிருந்து மலை ரயிலில் ஏறினால் நான்காம் நாள் மாலைதான் சிம்லாவை அடைவீர்கள். திரும்புவதற்கும் இதே அளவு நேரத்தைக் கழித்தால், சிம்லாவுக்கென்று கிடைப்பவை நான்கு இரவுகளும் அவற்றுக்கிடையே மூன்று முழுப் பகல்களும் மட்டுமே. சிம்லாவிலிருந்து மணாலி ஏறக்குறைய 250 கிலோமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிய அனுபவம் உங்கள் பகுதியினருக்கு இருக்கும். அத்தகைய மலைப்பாதையில் ஒரு பகல் முழுவதும் உட்கார்ந்து செல்வது முழங்கால் வலி உள்ளவருக்கு எப்படியிருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். ரோதங்கின் உயரமோ 3,978 மீட்டர். 2,500 மீட்டரைத் தாண்டினால், காற்று மெலிவதால் தலைவலி, மூச்சுத் திணறல் போன்றவை தோன்றும் உயர நோய் வரும் வாய்ப்பு தொடங்குகிறது என்பதால், இரத்த அழுத்தம் உள்ள முதியவரை அங்கு ஒரே நாளில் ஏற்றி இறக்குவது தேவையற்ற சோதனை. சிம்லா ஏறக்குறைய 2,200 மீட்டர் உயரத்தில்தான் உள்ளது. அங்கே அந்த அச்சம் பெரிதாக இல்லை. எனினும் குளிரில் இரத்த அழுத்தம் கூடக்கூடும் என்பதால், புறப்படும் முன் அவருடைய மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். மாத்திரைகளைப் பெட்டியில் வைக்காமல் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

தங்குமிடத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் என் பெரியம்மாவை அழைத்துச் சென்றபோது, சிம்லாவின் முக்கியக் கடைத்தெருவான மால் சாலைக்கு மிக அருகில் என்று சொல்லப்பட்ட ஒரு விடுதியை நம்பிப் பதிவு செய்தேன். அது கார் நின்ற இடத்திலிருந்து 94 படிகளுக்கு மேலே இருந்தது. பெட்டிகளைக் காஷ்மீரத்துச் சுமைதூக்கும் தொழிலாளர் ஒருவர் முதுகில் கயிறு கட்டி எடுத்துச் சென்றுவிட்டார். பெரியம்மாவோ பத்துப் படிக்கு ஒருமுறை கைப்பிடிக் கம்பியைப் பற்றி நின்று, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்து, "இன்னும் எத்தனைப் படிடா?" என்று கேட்டபடியே ஏறினார். அதன்பின் இரண்டு நாள் அவர் அறையை விட்டு இறங்கவே இல்லை. மால் சாலையில் பொதுவாக வண்டிகளுக்கு அனுமதி இல்லை; கீழே உள்ள கார்ட் ரோட்டிலிருந்து அங்கே ஏற மின்தூக்கி உண்டு. ஆகவே விடுதியைப் பதிவு செய்யும் முன், வண்டி எதுவரை வரும், அங்கிருந்து எத்தனைப் படிகள், மின்தூக்கி எவ்வளவு தூரம் என்ற மூன்றையும் தொலைபேசியிலேயே கேட்டுவிடுங்கள்.

மே இறுதியைவிட விஷு முடிந்த கையோடு ஏப்ரலில் செல்வது நல்லது. வட இந்தியப் பள்ளி விடுமுறையின் கூட்டம் அப்போது தொடங்கியிராது. 2018 மே மாதக் கடைசியில் சிம்லா நகரமே குடிநீருக்குத் தவித்ததை மறந்துவிட முடியாது. ரயில் முன்பதிவு பயண நாளுக்கு 60 நாள் முன்னதாகத்தான் திறக்கும். ஆகவே பிப்ரவரியிலேயே விழிப்பாக இருங்கள்.

மகனுக்கு மலை ரயிலே போதும். 1903-இல் திறக்கப்பட்ட அந்த 96 கிலோமீட்டர்ப் பாதையில் 102 சுரங்கங்கள் உள்ளன, எண்ணச் சொல்லுங்கள். பரோக் சுரங்கம் மட்டும் 1,143 மீட்டர் நீளம். சிம்லாவிலுள்ள ஜாக்கூ அனுமன் கோயிலுக்குக் கம்பிவட ஊர்தியில் சென்றால் மாமியாருக்கு முழங்கால் சிரமம் குறையும். ஆனால் அங்குள்ள குரங்குகள் மூக்குக்கண்ணாடியைப் பறித்துச் செல்லும் என்பதால் அதை முன்னதாகவே கழற்றிப் பைக்குள் வைத்துவிடச் சொல்லுங்கள்.

கேள்வி: ஆகஸ்டில் சிம்லாவில் விடுதிக் கட்டணம் குறைவு என்கிறார்கள். மலையும் மழையும் எங்களுக்குப் புதியவை அல்ல. அப்போது செல்லலாமா?
– ஒரு வாசகர், மறையூர்

பதில்: வேண்டாம். 2020 ஆகஸ்ட் 6 அன்று இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து நம் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களைப் புதைத்ததை மறையூரில் இருக்கும் உங்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. இமயம் நம் மலைகளைவிட மிக இளையது. அதன் சரிவுகள் இன்னும் உறுதிப்படாதவை. 2023 ஆகஸ்ட் 14 அன்று சிம்லாவின் சம்மர் ஹில் பகுதியில் மண் சரிந்து ஒரு சிவன் கோயிலில் வழிபட்டுக்கொண்டிருந்தவர்களைக் கொண்டுபோயிற்று. மலை ரயில் பாதையும் அங்கே அந்தரத்தில் தொங்கியது. மிச்சமாகும் வாடகைக்காக அந்தச் சரிவுகளுக்கடியில் குடும்பத்தோடு உறங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சரஸ்வதி பூசையை ஒட்டி அக்டோபரில் செல்லுங்கள். மழை ஓய்ந்து, வானம் கழுவிவிட்டதுபோல் தெளிந்து, தொலைவிலுள்ள பனிச்சிகரங்கள் கண்ணுக்குத் தெரியும் காலம் அது. சிம்லா நம் ஆனைமுடியின் 2,695 மீட்டரைவிடத் தாழ்ந்ததே. எனவே உங்களுக்கு மூச்சுத் திணறல் பற்றிய கவலை வேண்டாம்.

கேள்வி: கிறிஸ்துமஸ் விடுமுறையில் சிம்லா சென்றால் பனி விழுவதைக் கட்டாயம் பார்க்கலாமா?
– ஒரு வாசகர், வேலந்தாவளம்

பதில்: கட்டாயம் என்று யாராலும் சொல்ல இயலாது. டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை பனி விழக்கூடும். ஜனவரியில் வாய்ப்பு கூடுதல். சிம்லாவுக்கு அருகே சற்று உயரத்திலுள்ள குஃப்ரியில் கிடைத்தாலும் கிடைக்கலாம். அந்த நாள்களில் வடநாட்டு மூடுபனியால் ரயில்கள் பல மணி நேரம் தாமதமாவது வழக்கம் என்பதால், டில்லியில் இறங்கிய அன்றே கால்கா வண்டியைப் பிடிக்கும்படி முன்பதிவு செய்யாதீர்கள்.