குதிரைக்குட்டிக்கு முதுகுல பொருக்கு கட்டி முடி கொத்து கொத்தா வருது, என்ன மருந்து தடவலாம்?

ஒன்றரை வயசு பெண் குட்டி, ஏற்காடு அடிவாரத்துல வச்சு வளக்குறீங்க, மழை ஆரம்பிச்சதுல இருந்து முதுகுலயும் பின்பக்கத்துலயும் பொருக்கு கட்டி முடியோட பிஞ்சு வருது, ரெண்டு வாரமா வேப்பெண்ணெய் தடவியும் கேக்கல, அடுத்து என்ன தடவலாம்னு கேட்டிருக்கீங்க. முதல்ல தடவுறத நிறுத்துங்க. இதான் நான் சொல்ல வர்றதே, மீதியெல்லாம் அதுக்கு விளக்கம்தான்.

நாங்க ஏற்காடு மலை மேல, நாகலூர் பக்கம் இருக்கோம். அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழா சந்தைல ஒரு வயசு பெண் குட்டி ஒண்ணு வாங்கிட்டு வந்தோம், சிட்டுன்னு பேரு வச்சோம். கீழ வெயில்லயே வளந்த குட்டி. மலைக்கு வந்த ஒரு மாசத்துல மழையும் பனிமூட்டமும் புடிச்சுகிச்சு, காபித் தோட்டத்துக்குள்ள எங்க லாயம், சில்வர் ஓக் நிழல்ல மத்தியானம் வரைக்கும் தரை காயாது. குட்டி நனையுதேன்னு பாவப்பட்டு நனைஞ்ச முதுகு மேலயே தார்ப்பாய் போட்டு கட்டிவிட்டேன். நான் செஞ்ச பெரிய தப்பு அதுதான். உள்ள ஈரமும் உடம்புச் சூடும் சேந்து வெந்து போச்சு. பத்து நாள்ல முதுகெலும்பு ஓரமா தடவிப் பாத்தா கைல கல்லு கல்லா தட்டுப்பட்டுச்சு, ஒண்ண எடுத்தா பெயின்ட் பிரஷ் மாதிரி முடிக்கொத்தோட வந்துச்சு, அடில சிவப்பா ஈரமா இருந்துச்சு, குட்டி வலில முதுக நெளிச்சுது.

நீங்க சொல்றதும் அப்படியே இதுதான்னு எனக்குத் தோணுது. இங்கிலீஷ்ல ரெய்ன் ராட்னு சொல்வாங்க, டெர்மட்டோஃபிலஸ்னு ஒரு பாக்டீரியா. பேர கேட்டா பூஞ்சைனு நெனச்சுக்குவாங்க, பூஞ்சை இல்ல. தோல் நல்லா இருக்கும்போது அது ஒண்ணும் செய்யாது, தோல் நாள்கணக்குல ஊறி இளகினாலோ பூச்சி கடிச்சு புண்ணானாலோ உள்ள போயிரும். மழத்தண்ணி வழியுற எடத்துலதான் வரும், அதாவது முதுகு, இடுப்பு மேல்பக்கம், கழுத்து மேல. அரிப்ப விட வலிதான் அதிகம்.

படர்தாமரையா இருந்தா வேற மாதிரி இருக்கும். வட்டம் வட்டமா முடி ஒடிஞ்சு, செதில் படிஞ்சு, பெரும்பாலும் கடிவாளம் படுற எடம், வார் கட்டுற எடம், முகம்னு வரும். இளங்குட்டிகளுக்கு இது சுலபமா ஒட்டிக்கும், உடம்புல எதிர்ப்பு சக்தி இன்னும் வரலைல்ல. ஒரே பிரஷ்ஷ ரெண்டு குதிரைக்கும் போட்டாப் போதும் பரவிரும், நம்ம கைக்கும் பசங்க கைக்கும் கூட வரும், அதனால எதுவா இருந்தாலும் கிளவுஸ் போட்டுத்தான் தொடுங்க. பிடரியும் வாலடியும் மட்டும் தேஞ்சு போற அளவுக்கு தூண்ல உரசுனா அது சின்னப் பூச்சிக்கடி அலர்ஜி, அந்தப் பூச்சி விடியக்காலைலயும் சாயங்காலமும்தான் கடிக்கும், அந்த நேரத்துல குட்டிய உள்ள கட்டி ஃபேன் போட்டாலே பாதி குறையும். வாலடி மட்டும்னா குடல்புழுவும் பாக்கணும். இத எல்லாம் கண்ணால பாத்தே முடிவு பண்ண முடியாது, டாக்டர் பொருக்க எடுத்து ஸ்லைடுல சாயம் போட்டு மைக்ராஸ்கோப்ல பாத்தா ரெய்ன் ராட் கிருமி ரயில் தண்டவாளம் மாதிரி ரெட்டை வரிசையா தெரியும், எங்க டாக்டர் எனக்கே காட்டுனார். மருந்து போடுறதுக்கு முன்னாடி இந்த டெஸ்ட எடுத்துருங்க.

வேப்பெண்ணெய் பூச்சி அண்டாம இருக்க நல்லதுதான், அத நான் குறை சொல்லல. ஆனா பொருக்கு மேல எண்ணெய் பூசினா ஈரம் உள்ளயே மூடிக்கும், காத்துபடாத ஈர எடம்தான் அந்தக் கிருமிக்கு தோது. வண்டில இருந்து எடுத்த பழைய ஆயில தடவச் சொல்றவங்களும் இருக்காங்க, தயவுசெஞ்சு வேணாம், தோல் வெந்துரும், குட்டி நக்குனா உள்ளயும் போயிரும்.

இன்னொண்ணு, இத படிக்குற எல்லாரும் மனசுல வச்சுக்கோங்க. மாட்டு உண்ணிக்குன்னு கடைல குடுக்குற அமிட்ராஸ் மருந்த குதிரைக்கு போடவே கூடாது. மாட்டுக்கு ஒண்ணும் ஆகாது, குதிரைக்கு குடல் அசைவு நின்னு லத்தி போடாம கட்டிக்கும், வயித்து வலிலயே செத்துப் போகலாம். சிட்டுக்கு சொறினு சொன்னதும் தெரிஞ்சவர் ஒருத்தர் நல்ல மனசோடதான் ஒரு பாட்டில் குடுத்தார், பக்கெட்ல கலக்கவே ஆரம்பிச்சுட்டேன், அதுக்குள்ள டாக்டர் ஃபோன எடுத்துட்டார், லேபிள படிக்கச் சொன்னார், படிச்சதும் கொட்டச் சொன்னார். இன்னிக்கு நெனச்சாலும் கை நடுங்குது. அதே மாதிரி நம்ம பக்கம் கோழிப்பண்ணை ஜாஸ்தி, மிச்சம் கிடக்குற கோழித்தீவனத்த குட்டிக்குப் போடாதீங்க, மொனென்சின் மாதிரி மருந்து கலந்திருந்தா குதிரை இதயத்துக்கு விஷம்.

சரி, சிட்டுக்கு என்ன செஞ்சோம்னா, முதல் வேலையா தார்ப்பாய கழட்டினோம், தகரக் கூரை ஒழுகுற எடத்த அடைச்சோம், தரைல நனைஞ்ச தேங்காநார எல்லாத்தையும் அள்ளிட்டு காஞ்ச உமி போட்டோம். அப்புறம் டாக்டர் சொன்னபடி குளோர்ஹெக்ஸிடின்னு கிருமிநாசினி கலந்த ஷாம்பு, வெதுவெதுப்பான தண்ணில. நுரைய போட்டதும் உடனே அலசிடக் கூடாது, 10 நிமிஷம் அப்படியே விடணும், கடிகாரம் பாத்து விடணும், நாம அவசரப்பட்டு ரெண்டு நிமிஷத்துலயே அலசிருவோம். பொருக்கு தானா ஊறி வர்றத மட்டும் எடுக்கணும், காஞ்ச பொருக்க பிச்சா ரத்தம் வந்து அங்கயே மறுபடி பிடிக்கும். எடுத்தத கீழ போடாம கவர்ல கட்டி எரிச்சிட்டோம், கிருமி பொருக்குக்குள்ள ரொம்ப நாள் உசிரோட இருக்கும். முக்கியமானது குளிப்பாட்டின பின்னாடிதான், பழைய வேட்டியால ஒத்தி ஒத்தி எடுத்து, வெயில்ல நிக்க வச்சு, அடிமுடி வரைக்கும் காஞ்சுதான்னு விரல விட்டு பாத்துட்டுதான் உள்ள கட்டுவோம். முதல் வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், அப்புறம் வாரத்துக்கு ரெண்டு தடவை. மூணாவது வாரம் புது முடி முளைக்க ஆரம்பிச்சுது, மெத்து மெத்துனு, கருப்பா. அத தடவிப் பாத்தப்ப வந்த சந்தோஷத்த எழுதத் தெரியல எனக்கு.

பிரஷ், கயிறு, சேணத்துக்கு அடில போடுற துணி எல்லாத்தையும் வெந்நீர்ல துவைச்சு கிருமிநாசினில முக்கி வெயில்ல போடுங்க, இனிமே ஒவ்வொரு குதிரைக்கும் தனி பிரஷ். குட்டி குணமாகுற வரைக்கும் முதுகுல எதையும் கட்டாதீங்க.

காய்ச்சல் 102-க்கு மேல போனாலோ, கால் வீங்கினாலோ, சீழ் வச்சாலோ, கொள்ளு வச்சும் வாய் வைக்கலைனாலோ ஷாம்புவ நம்பிட்டு இருக்காதீங்க, ஊசி தேவைப்படும். டாக்டர் கிடைக்கலைனா கால்நடை ஆம்புலன்ஸ் நம்பர் 1962-க்கு கூப்புடுங்க. மூக்கு மேல வெள்ளையா இருக்குற எடம் மட்டும் வெந்து, கண்ணும் மஞ்சளா தெரிஞ்சா அது வேற விஷயம், ஈரல் கெட்டுருக்கலாம், மேயுற எடத்துல உண்ணிச்செடி இருக்கான்னு பாருங்க, நம்ம மலை பூரா அதுதான் மண்டிக் கிடக்கு.

இப்ப அங்க சாயங்காலத்துல மழை வருதுன்னு எழுதிருந்தீங்க. அப்படின்னா காலைல பத்து மணி வாக்குல வெயில் ஏறினதும் குளிப்பாட்டுங்க, மூணு மணிக்குள்ள அடிமுடி காஞ்சிரும். எண்ணெய் பிசுக்கு இருக்குறதால முதல் தடவை ரெண்டு வாட்டி நுரை போட வேண்டியிருக்கும்.