அப்பாவைப் பற்றிய நாவல்: 'நான்' என்று எழுதுவதா, 'அவன்' என்று எழுதுவதா?

கேள்வி: என் அப்பா குடித்தே இறந்தவர். பத்து வயது முதல் பதினாறு வயதுவரை வீட்டில் பார்த்ததை நாவலாக எழுதத் தொடங்கி 140 பக்கம் வந்துவிட்டது. 'நான்' என்று எழுதினால் புலம்பலாக இருக்கிறது. 'அவன்' என்று மாற்றினால் யாரோ எழுதியதுபோல ஒட்டாமல் நிற்கிறது. அம்மாவும் அக்காவும் படித்தால் என்ன ஆகுமோ என்ற பயம் வேறு. ஸ்காட்லாந்து எழுத்தாளர் டக்ளஸ் ஸ்டூவர்ட்டின் 'ஷக்கி பெய்ன்' நாவலைப் படித்தேன், குடிக்கு அடிமையான ஒரு தாயும் அவள் மகனும் பற்றியது. அவரும் தன் வீட்டைத்தானே எழுதினார்? அவரால் எப்படி முடிந்தது? என் மூன்றாம் அத்தியாயத்தை இணைத்திருக்கிறேன்.

பதில்: அத்தியாயத்தை இரண்டு முறை படித்தேன். அப்பா திட்டுவது, தட்டு பறப்பது, அம்மா அழுவது என்று ஆறு பக்கம் போகிறது. என் நெஞ்சில் நின்றது அதற்கு முந்தைய ஒரு வரிதான்: வாசலில் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடும் சத்தம். ஒரே உதையில் ஸ்டாண்டு நின்றால் பிள்ளைகள் நிம்மதியாகத் தூங்கலாம். இரண்டு மூன்று முறை தரையை உரசினால் அக்கா சோற்றுப் பானையை மூடிவிட்டுத் தம்பியைப் பின்கட்டுக்கு இழுத்துப் போவாள். அந்த வரியிலும் 'நான்' இருக்கிறது, ஆனால் புலம்பல் இல்லை. ஆகவே குறை 'நான்' என்ற சொல்லில் இல்லை. பிள்ளையின் கண்ணெதிரே வரும்போது மட்டும்தான் உங்கள் அப்பா உயிரோடு இருக்கிறார். வாசலுக்கு வெளியே அவருக்கு ஒரு வாழ்க்கையே இல்லை. குறை அங்கே இருக்கிறது.

ஸ்டூவர்ட் தன் வீட்டிலிருந்து எடுத்தார் என்பது உண்மை. 1976இல் கிளாஸ்கோவில் பிறந்தவர். குடிக்கு அடிமையான அவருடைய தாய், அவருக்குப் பதினாறு வயதாக இருக்கும்போது இறந்துபோனார். ஆனால் அவர் எழுதியது தன்வரலாறு அல்ல, நாவல். நியூயார்க்கில் ஆடை வடிவமைப்பாளராக வேலை பார்த்துக்கொண்டே ஏறக்குறைய பத்தாண்டுகள் எழுதினார். முப்பதுக்கும் மேற்பட்ட பதிப்பாளர்கள் திருப்பி அனுப்பிய அந்த முதல் நாவல் 2020இல் வெளியாகி, அதே ஆண்டு புக்கர் பரிசு பெற்றது. 140 பக்கத்தில் மனம் சோர்ந்திருக்கும் உங்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

அந்த நாவல் படர்க்கையில், அதாவது 'அவன்', 'அவள்' என்று நடக்கிறது. படர்க்கையால் அவருக்குக் கிடைத்த பெரிய வசதி, சிறுவன் ஷக்கி போக முடியாத இடங்களுக்கெல்லாம் கதை போக முடிந்தது. தந்தை இரவெல்லாம் டாக்ஸி ஓட்டும் தெருக்களுக்குப் போகிறது. தாய் ஆக்னஸ் தனியே போய் உட்காரும் மதுமீட்புக் கூட்டத்துக்குப் போகிறது. எல்லாவற்றிலும் முக்கியமான இடம் ஒன்று உண்டு. ஆக்னஸ் ஓர் ஆண்டு காலம் குடியைத் தொடாமல் இருந்து, பெட்ரோல் நிலையத்தில் இரவு வேலையும் பார்க்கிறாள். அவளை விரும்பும் யூஜின் ஒரு நாள் விருந்துக்கு அழைத்துப் போய், ஒரே ஒரு கோப்பைதானே என்று வற்புறுத்துகிறான். ஷக்கி அங்கே இல்லை. பிள்ளையின் கண் வழியாக மட்டும் சொல்லியிருந்தால், அம்மா மறுபடியும் குடித்துவிட்டு வந்தாள் என்ற ஒரு வரியோடு அது முடிந்திருக்கும். நாம் அந்த மேசையருகே இருப்பதால், அவள் மறுப்பதையும் தடுமாறுவதையும் பார்க்கிறோம். அதற்குப் பிறகு அவள்மீது கோபப்படுவது அவ்வளவு எளிதாக இல்லை.

ஆக்னஸை அவர் நல்லவளாக்கிக் காட்டவும் இல்லை. மகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே திரைச்சீலைக்குத் தீ வைக்கிறாள். அதே ஆக்னஸ், சுரங்கம் மூடிப்போய் வேலையற்றுக் கிடக்கும் பிட்ஹெட் குடியிருப்பில், உதட்டுச் சாயமும் குதிகால் உயர்ந்த காலணியுமாகத் தலைநிமிர்ந்து நடக்கிறாள். இரண்டும் ஒரே பெண். உங்கள் அப்பா எதில் பெருமைப்பட்டார்? சட்டையை மடிப்புக் கலையாமல் போடுவதிலா, கையெழுத்திலா? அத்தியாயத்தில் அது எங்குமே இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். நாவல் 1992இல், பதின்வயது ஷக்கி வாடகை அறையில் தனியே இருப்பதில் தொடங்கி, பிறகுதான் 1981க்குப் போகிறது. அம்மா மீள்வாளா என்ற பதற்றம் முதல் பக்கங்களிலேயே அடங்கிவிடுகிறது. எப்படி இழந்தான் என்பதைத்தான் படிக்கிறோம். நீங்களும் அப்பாவின் மரணத்தைக் கடைசி அத்தியாயத்துக்கென்று ஒளித்து வைக்க வேண்டியதில்லை.

உரையாடலில் கிளாஸ்கோ மக்களின் பேச்சை அப்படியே விட்டிருக்கிறார், கதைசொல்லல் பொது ஆங்கிலத்தில் இருக்கிறது. நீங்களும் அப்பாவின் பேச்சில் உங்கள் ஊர் வழக்கை விடுங்கள். இப்போது அவர் திட்டும்போதுகூடப் பாடப்புத்தகத் தமிழ் பேசுகிறார்!

அம்மா, அக்கா விஷயம். முதல் வரைவு முடியும்வரை யாரிடமும் காட்டாதீர்கள். காட்டினால் அவர்கள் முகத்தைப் பார்த்தே எழுதுவீர்கள். அச்சுக்குப் போகும் முன் இருவரிடமும் கட்டாயம் காட்டுங்கள். பெயரை மட்டும் மாற்றுவது போதாது, தொழில், ஊர், உடன்பிறந்தோர் எண்ணிக்கை, நிகழ்ச்சிகளின் வரிசை எல்லாம் மாறட்டும். 'யாவும் கற்பனை' என்ற முன்குறிப்பு மட்டும் உங்களைக் காப்பாற்றாது. உறவினரின் மனத்தைப் புண்படுத்தும் நோக்கத்தோடு இறந்தவரைப் பற்றி எழுதினாலும் அவதூறாகலாம் என்று இந்தியாவின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு சொல்கிறது. அத்தியாயத்தில் வரும் சித்தப்பாவின் நிலத்தகராறு பற்றிய பக்கங்களை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள். அக்காவுக்கும் கதையில் ஒரு வாழ்க்கை கொடுங்கள். ஷக்கியின் அண்ணன் லீக், ஓவியக் கல்லூரியில் இடம் கிடைத்தும் குடும்பத்தை விட்டுப் போக முடியாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறான். உங்கள் அக்கா தம்பியைப் பின்கட்டுக்கு இழுத்துப் போன அந்த இரவுகளில் எந்தப் பரீட்சைக்குப் படிக்காமல் விட்டாள்?

'அவன்' என்றே எழுதுங்கள். ஆனால் முதல் அத்தியாயத்திலிருந்து மாற்றிக்கொண்டு வராதீர்கள், பழைய வாக்கியங்கள் உங்களை விடமாட்டா. புதிதாகப் பத்துப் பக்கம் எழுதுங்கள்: சம்பள நாள் மாலை, அப்பா வேலை முடிந்து சைக்கிளை எடுக்கிறார். பையில் பணம் இருக்கிறது, வீட்டுக்கு நேராகப் போகும் எண்ணமும் இருக்கிறது. அங்கிருந்து, வாசலில் ஸ்டாண்டு மூன்றாவது முறை உரசும்வரை. பிள்ளை அதில் வரவே கூடாது. முடித்ததும் எனக்கு அனுப்புங்கள்.