பில்லிங் மென்பொருளில் தமிழ்ப் பெயர்கள் கண்டபடி வருகின்றன: சரிசெய்யப் பணம் கட்டலாமா?

கேள்வி: மளிகைக் கடை வைத்திருக்கிறேன். புதிதாக ஒரு பில்லிங் மென்பொருள் வாங்கினேன். பழையதிலிருந்து சரக்குப் பட்டியலை எக்ஸ்எம்எல் கோப்பாக எடுத்து இதில் ஏற்றினால் விலை, இருப்பு எல்லாம் சரியாக வருகின்றன, தமிழ்ப் பெயர்கள் மட்டும் கண்டபடி வருகின்றன. விற்றவர் "உங்கள் ஃபைல்தான் கோளாறு, டேட்டா கன்வர்ஷனுக்குத் தனியாகப் பணம் கட்டுங்கள்" என்கிறார். கட்டலாமா?

பதில்: இப்போதைக்குக் கட்டாதீர்கள். பழைய கம்ப்யூட்டரை ஃபார்மட் செய்துவிடவும் வேண்டாம், அது தேவைப்படலாம். கோப்பை ஒரு நகல் எடுத்து, அந்த நகலை நோட்பேடில் திறந்து பாருங்கள்.

அதில் தமிழ் ஒழுங்காகத் தெரிந்தால் உங்கள் கோப்பில் பெயர்கள் பத்திரமாக இருக்கின்றன, படிக்கும் இடத்தில்தான் தப்பு நடக்கிறது. முதல் வரியில் 'என்கோடிங்' (எழுத்துகளை எந்தக் குறியீட்டில் சேமித்திருக்கிறது என்ற குறிப்பு) என்று ஒன்று இருக்கும். அங்கே தமிழ் இல்லாத குறியீடுகளான விண்டோஸ்-1252 என்றோ ஐஎஸ்ஓ-8859-1 என்றோ எழுதியிருந்து, கோப்பு உண்மையில் தமிழும் அடங்கிய யூடிஎஃப்-8 ஆக இருந்தால் (நோட்பேடின் அடிப்பட்டையில் பார்க்கலாம்) மென்பொருள் முதல் வரியை நம்பித் தப்பாகப் படித்துவிடும். அந்த வரியில் யூடிஎஃப்-8 என்று மாற்றி, 'சேவ் அஸ்' கொடுக்கும்போதும் அதையே தேர்ந்தெடுத்து, மறுபடி ஏற்றுங்கள். அப்போதும் வரவில்லை என்றால் விற்றவர்தான் சரிசெய்து தர வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம் கேட்பது நியாயமே இல்லை.

நோட்பேடிலேயே கோணலாக இருந்தால், எப்படிக் கோணலாக இருக்கிறது என்று பாருங்கள். எல்லாமே கேள்விக்குறி என்றால் அந்தக் கோப்பு அவ்வளவுதான். பழைய மென்பொருள் தமிழ் இல்லாத ஒரு குறியீட்டில் எழுதும்போதே எழுத்துகளைத் தூக்கி எறிந்துவிட்டது, எவ்வளவு பணம் கொடுத்தாலும் அதிலிருந்து திரும்ப எடுக்க முடியாது. பழைய கம்ப்யூட்டர் இதற்குத்தான். அதில் எக்ஸ்போர்ட் செய்யும் இடத்தில் 'யூனிகோட்' (யூடிஎஃப்-8 இந்த வகைதான்) என்று ஒரு தேர்வு இருக்கிறதா என்று தேடி, மறுபடி எடுங்கள்.

தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில 'ஏ', பக்கத்தில் வட்டத்துக்குள் 'ஆர்' என்று திரும்பத் திரும்ப வந்தால், யூடிஎஃப்-8 தமிழை எங்கோ விண்டோஸ்-1252 என்று நினைத்துப் படித்துச் சேமித்திருக்கிறார்கள். இதைப் பெரும்பாலும் பின்னோக்கி மாற்றி மீட்டுவிடலாம். ஆனால் புள்ளியும் உகரக் குறியும் ஏ, ஐ எழுத்துகளும் எடுத்துக்கொள்ளும் பைட்டுகளில் (கோப்பில் எழுத்தைச் சேமிக்கும் எண்களில்) ஒன்றுக்கு விண்டோஸ்-1252-இல் இடமே கிடையாது, சில மென்பொருள்கள் அதைத் தொலைத்துவிடும். அதனால் பணம் கொடுத்து மாற்றினாலும் 'பருப்பு', 'உளுந்து', 'ஏலக்காய்' மாதிரிப் பெயர்களை முதலில் சரிபார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்து வந்தால் அது பாமினி போன்ற பழைய எழுத்துரு. முதல் வரியை மாற்றிப் பயனில்லை, எழுத்துரு மாற்றி வேண்டும். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. பெயர்களை மட்டும் மாற்றுங்கள், கோப்பு முழுவதையும் போட்டால் < > அடைப்புக்குள் இருக்கும் எக்ஸ்எம்எல் குறிச்சொற்களும் சேர்ந்து மாறிவிடும்.

கேள்வி: எங்களுக்குப் பெயர்கள் சரியாக வருகின்றன, ஆனால் ஏற்றும்போது ஏதோ ஒரு வரியில் பிழை என்று நின்றுவிடுகிறது. இதுவும் அதே கோளாறா?

பதில்: அநேகமாக இல்லை. கோப்பை குரோமில் திறந்தால் எந்த வரி என்று காட்டும். அங்கே '& சன்ஸ்' என்பது போல வெறும் & குறி இருக்கலாம், அதை & என்று மாற்றுங்கள். டேலி கணக்கு மென்பொருளிலிருந்து எடுத்த கோப்பு என்றால்  என்று தேடுங்கள். எக்ஸ்எம்எல் 1.0-இல் அதற்கு அனுமதி இல்லை, நீக்கிவிட்டு ஏற்றலாம்.

இருவருக்கும் ஒன்று. பணம் கட்டும் முன் தமிழ்ப் பெயருள்ள சில பொருட்களை மட்டும் ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள், பில்லும் அடித்துப் பாருங்கள். திரையில் தமிழ் வந்தும் தெர்மல் பிரிண்டரில் வராமல் போவது உண்டு. தமிழ் வரும் என்று சொல்லி விற்றிருந்தால் அதை எழுத்தில் கேளுங்கள். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவர் அதற்கென்றே வாங்கும் பொருள் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.